மெல்ல நழுவும் தகட்டைப் படிக்க எந்த வழி? யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்குகிறவர்களுக்கு ஒரு ஒப்பீடு

இந்த வருடத்தில் மட்டும் நான்கு பேர் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்துவிட்டார்கள். மூன்று பேர் இங்கே கம்பசில் பௌதிகவியலும் கணிதமும் படிக்கிறவர்கள். நான்காமவர் புவியியலில் சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருப்பவர், வடமராட்சி கிழக்குக்காரர். "அக்கா, பூமியதிர்ச்சி ஆராய்ச்சிக்குத்தான் போக விருப்பம். அதிலயும் இந்த மெதுநழுவல் விஷயம்தான் மனசில நிக்குது. ஆனால் எந்தப் பக்கத்தால உள்ளுக்குப் போறது?" அதிர்வுப் பதிவா, ஜி.பி.எஸ்ஸா, கடலடிக் கருவியா, மண்ணைத் தோண்டுவதா, கணினி மொடலா என்று ஐந்து வாசல் இருக்கிறது. ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு வேறொன்று என்று தனித்தனியாகச் சொல்வதைவிட ஐந்தையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு சின்ன விளக்கம். பூமியின் மேல் ஓடாக இருக்கும் பெரும் பாறைத் தகடுகளில் ஒன்று இன்னொன்றின் கீழே போய் அமிழும் இடம்தான் அமிழ்வு வலயம். எங்களுக்குப் பக்கத்தில் இருப்பது சுமாத்திராவின் மேற்குக் கரையோரம், அங்கே தகடு வருடத்துக்கு 5 செ.மீ. அளவில் உள்ளே போகப் பார்க்கிறது. இரண்டு தகடும் உரசிப் பூட்டிக்கொண்டு நிற்பதால் அந்த 5 செ.மீ. வருடா வருடம் கடனாகச் சேர்கிறது. 2004 டிசம்பர் 26 காலை அது ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு, 10 நிமிடம் அளவில், ஒரேயடியாக அறுந்தது. மெதுநழுவல் என்பது அதே பரப்பு, அதே வகை நழுவல், ஆனால் நாட்கணக்கில், மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் நடப்பது. மேலே வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பைகூட அசையாது. ஆனாலும் நழுவிய பரப்பையும் தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் 6, 7 அளவுப் பூமியதிர்ச்சிக்குச் சமமாக வரும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஓர் இடம் மெல்ல நழுவும்போது பக்கத்தில் பூட்டிக்கிடக்கும் இடத்தின் மேல் சுமை ஏறுகிறது. 2011 மார்ச் 11 யப்பானின் 9.0 அதிர்ச்சிக்கு முன்னும், 2014 ஏப்ரலில் சிலியின் இக்கீக்கே அதிர்ச்சிக்கு முன்னும் அந்தப் பரப்பில் மெல்லிய நழுவல் நடந்ததற்குத் தடயம் இருக்கிறது. அதற்காக மெதுநழுவல் கண்டால் பெரிய அதிர்ச்சி வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கனடாவின் வன்கூவர் தீவுக்குக் கீழே ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒருமுறை நடக்கிறது, ஒவ்வொன்றும் பெரிய அதிர்ச்சி இல்லாமலே முடிந்துபோகிறது. எது வெறுமனே முடியும், எது அறுத்துக்கொண்டு போகும் என்பதுதான் இன்னும் திறக்காத பூட்டு.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலாவது, அந்த வழி எந்தக் கால அளவைப் பார்க்கிறது. அதிர்வுமானி விநாடியைப் பார்க்கும், ஜி.பி.எஸ் நாளையும் மாதத்தையும் பார்க்கும், முருகைக்கல் நூற்றாண்டைப் பார்க்கும். இரண்டாவது, எந்த இடத்தைப் பார்க்கிறது. அமிழ்வு வலயத்தின் ஆபத்தான பகுதி பெரும்பாலும் கடலுக்கு அடியில் இருக்க, எங்கள் கருவிகளில் பெரும்பாலானவை தரையில் இருக்கின்றன. இந்தப் பொருத்தமின்மையை மறந்துவிட்டு வழி தெரிவு செய்தால் மூன்றாம் வருடத்தில்தான் உறைக்கும்.

மூன்றாவது செலவு. இதில் காசு மட்டும் இல்லை, பல்கலைக்கழக விளம்பரத்தில் வராத செலவுகள்தான் அதிகம், அவற்றை ஒவ்வொரு பகுதியிலும் சொல்கிறேன். நான்காவது, புலமைப்பரிசில் கிடைக்கும்வரை யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே எவ்வளவு தூரம் போகலாம். ஐந்தாவதை வெளிநாட்டுக்காரர் யாரும் சொல்லித் தரமாட்டார்கள்: படித்து முடித்துத் திரும்பி வந்தால் இந்த நாட்டில் அந்தத் திறமைக்கு ஒரு மேசை இருக்குமா?

## அதிர்வுப் பதிவு

பூமியதிர்ச்சி என்றவுடன் எல்லோருக்கும் நினைவு வருவது இதுதான். தரவு கடல் மாதிரிக் கொட்டிக் கிடக்கிறது, இலவசம். கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் இருக்கும் நிலையம் உலக வலையமைப்பின் ஒரு பகுதி, அதன் பதிவை நீங்கள் நல்லூரில் இருந்து லப்டொப்பில் இறக்கிப் பார்க்கலாம். பைதன் நிரல்மொழி கொஞ்சம் தெரிந்தால் ஒப்ஸ்பை என்ற இலவசத் தொகுப்பை வைத்து ஒரு கிழமையில் முதல் வரைபடம் போட்டுவிடலாம்.

ஆனால் மெதுநழுவலுக்கு என்று வந்தால் ஒன்றை மனதில் வையுங்கள். அதிர்வுமானிக்கு மெதுநழுவல் கேட்பதில்லை. அதற்குக் கேட்பது நழுவலோடு கூட வரும் சின்னச் சத்தங்கள்தான். 2002ல் யப்பானில் ஒபாரா கண்டுபிடித்த ட்ரெமர் அப்படிப்பட்டது. ஆழ்துளைகளுக்குள் வைத்த ஹை-நெற் என்ற அதிர்வுமானி வலையமைப்பின் கருவிகளில், எரிமலை ஒன்றும் இல்லாத இடத்தில், 30 கிலோமீற்றர் அளவு ஆழத்தில் இருந்து, தொடக்கமும் முடிவும் பிரித்தறிய முடியாத ஒரு முணுமுணுப்பு மணிக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. அடுத்த வருடமே கனடாவில் ரோஜர்சும் ட்ராகர்ட்டும் இந்த முணுமுணுப்பும் ஜி.பி.எஸ்ஸில் தெரியும் நழுவலும் ஒன்றாகவே வந்து ஒன்றாகவே போகின்றன என்று காட்டினார்கள். சரி, எல்லா இடத்திலும் அப்படியா என்றால் இல்லை. நியூசிலாந்தின் கிஸ்போர்ன் கரைக்கு அப்பால் பெரிய மெதுநழுவல்கள் நடக்கும்போது ட்ரெமர் மிக மெலிதாகத்தான் இருக்கிறது, அங்கே கூட்டமாக வரும் சிறு அதிர்ச்சிகள்தான் கூடுதலான தடயம். ஆகவே நீங்கள் தெரிவு செய்யும் வலயத்தைப் பொறுத்து இந்த வழி நிறையத் தரும், அல்லது கையை விரிக்கும்.

மறைசெலவு என்ன? இரைச்சலைப் பிரிக்கும் வேலையில் வருடங்கள் போகும். உள்ளூரில் ஒரு கருவி வைத்துப் பார்க்கலாம் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். ராஸ்பெரி ஷேக் வகைச் சின்னக் கருவி ஒன்றை எங்கள் வீட்டு அறை மூலையில் சீமெந்துத் தரையில் வைத்தேன். வாடைக்காற்று தொடங்கிய நாளில் இருந்து கோடு தடித்துவிட்டது, கடல் அலையின் அடி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வந்துகொண்டே இருக்கிறது, அதற்கு மேலே ஒழுங்கையில் போகும் லாண்ட்மாஸ்ரர், தண்ணீர் மோட்டர், கரண்ட் வெட்டு. அதற்குள் இருப்பது 4.5 ஹேர்ட்ஸ் ஜியோபோன், அதாவது விநாடிக்கு நாலைந்து தடவைக்குக் குறைந்த மெதுவான அசைவுக்குக் காது மந்தமான சின்ன உணரி. தூரத்துப் பெரிய அதிர்ச்சியின் முதல் அலை பிடிபடும்போது உடம்பு சிலிர்க்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட நல்ல பொருள் கிடையாது. ஆனால் மெதுநழுவல் ஆராய்ச்சிக்கு அது உதவாது, அதற்கென்று காசை எண்ணி வைக்காதீர்கள்.

இந்த வழியை நான் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் அதிர்ந்து, எங்கள் கரையோரச் சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதே, அன்று பெரிய சுனாமி வராததற்குக் காரணம் தகடு பக்கவாட்டாக நகர்ந்ததுதான். மேலும் கீழுமாக நகர்ந்திருந்தால் கதை வேறு. தகடு எப்படி நகர்ந்தது என்பதை உலகின் மறுகோடியில் இருந்து முதலில் சொல்லக்கூடியது அதிர்வுப் பதிவுதான். எச்சரிக்கைப் பணியில் சேர விருப்பம் என்றால் இதுவே நேரான பாதை. திரும்பி வந்தால் புவிச்சரிதவியல் ஆய்வு மற்றும் சுரங்கப் பணியகமும் வளிமண்டலவியல் திணைக்களமும் இருக்கின்றன, மேசைகள் குறைவு, ஆனால் இருக்கின்றன.

## ஜி.பி.எஸ்

மெதுநழுவலை நேராகப் பார்த்த கண் இதுதான். 1999 கோடையில் வன்கூவர் தீவையும் அதன் அயலையும் சேர்ந்த 7 ஜி.பி.எஸ் நிலையங்கள், வழக்கமாக வடகிழக்காக ஊர்ந்துகொண்டிருந்தவை, சில கிழமைகளுக்குத் திசையை மாற்றிக் கடல் பக்கம் வந்தன. வந்தது சில மில்லிமீற்றர்தான். அதிர்வுமானிகளில் ஒன்றும் இல்லை. ட்ராகர்ட் குழு 2001ல் அதை எழுதியபோது, கீழே தகட்டுப் பரப்பு ஏறத்தாழ 2 செ.மீ. நழுவியிருக்கிறது, அளவு 6.7க்குச் சமம் என்று கணக்கு வந்தது. ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் நடந்த 6.7!

எங்களுக்கு இதில் இருக்கும் பெரிய வசதி, தரவு கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது. அமெரிக்காவின் நெவாடா ஜியோடெற்றிக் லபோரட்டரி உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான நிலையங்களின் நாளாந்த நிலையைக் கணக்கிட்டுச் சாதாரண எழுத்துக் கோப்பாகவே போட்டுவைத்திருக்கிறது. ஒரு நிலையத்தின் 20 வருடக் கோப்பு, கைபேசி டேட்டாவில் ஒரு பாட்டை இறக்குவதைவிடக் குறைவு. நியூசிலாந்தின் பூமியதிர்ச்சிக் கண்காணிப்பு வலையமைப்பான ஜியோநெற்றின் தரவும் அப்படியே திறந்து கிடக்கிறது. கிஸ்போர்ன் பக்க நிலையம் ஒன்றை எடுத்துக் கிழக்குத் திசைக் கோட்டை வரைந்து பாருங்கள். ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை படிக்கட்டு மாதிரி ஒரு பாய்ச்சல், இடையில் மெல்லிய எதிர்ச்சரிவு. முதன்முதலில் அதைப் பார்த்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இனி மறைசெலவு. கோட்டில் தெரியும் எல்லாப் பாய்ச்சலும் நழுவல் இல்லை. நான் தொடங்கிய காலத்தில் ஒரு நிலையம் ஒரே நாளில் 8 மி.மீ. தள்ளி நின்றதைப் பிடித்துக்கொண்டு நான்கு மாதம் அதற்கு மொடல் போட்டேன், கடைசியில் நிலையத்தின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அன்றுதான் அன்ரெனாவை மாற்றியிருக்கிறார்கள். அந்த நான்கு மாதம் போனது போனதுதான். ஆகவே எந்த நிலையத்தை எடுத்தாலும் முதலில் பதிவேட்டைப் படியுங்கள், பிறகு கோட்டை. அடுத்தது மழை. மழைநீரின் பாரத்தால் நிலம் தாழ்ந்து வறட்சியில் எழும்புகிறது, அமேசன் ஆற்றங்கரை மனௌஸ் நகரில் இந்த ஏற்றஇறக்கம் வருடத்துக்கு 5 செ.மீ.க்கு மேல். பருவமழை நாடுகளில் இதைக் கழிக்காமல் மெதுநழுவல் பற்றிப் பேசவே கூடாது. மேல்கீழ் அசைவில் பிழை, கிடை அசைவில் வரும் பிழையைவிட இரண்டு மூன்று மடங்கு என்பதும் நினைவிருக்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, நிலையங்கள் தரையில் இருப்பது. அகழிக்கு, அதாவது தகடு அமிழத் தொடங்கும் ஆழ்கடற் பள்ளத்துக்குப் பக்கத்தில், கரையில் இருந்து 100 கிலோமீற்றருக்கு அப்பால் நடக்கும் நழுவல், கரை நிலையத்துக்கு மங்கலாகக்கூடத் தெரியாமல் போகலாம். ஒரே தரவுக்குப் பத்து விதமான நழுவல் படம் பொருந்தும், அதில் எது உண்மை என்பதை நீங்கள் போடும் நிபந்தனைதான் தீர்மானிக்கும். இந்த விஷயத்தில் சுமாத்திரா எங்களுக்குக் கிடைத்த கொடை என்றே சொல்லுவேன். சிமலு, நியாஸ், மெந்தாவாய் என்று ஒரு வரிசைத் தீவுகள் அகழிக்குக் கிட்ட, பூட்டிய பகுதிக்கு நேர் மேலேயே இருக்கின்றன, 2002ல் தொடங்கிய சுமாத்திரா ஜி.பி.எஸ் வலையமைப்பின் நிலையங்கள் பல அந்தத் தீவுகளில்தான் அமைந்தன.

சென்ரினல்-1 போன்ற ராடார் செய்மதிப் படங்களையும் இந்தப் பகுதியோடு சேர்த்தே வைக்கிறேன். இலவசம், பரப்பு முழுவதையும் காட்டும், ஆனால் காட்டுப் பச்சையும் ஈரக்காற்றும் உள்ள வெப்பவலயத்தில் சில மில்லிமீற்றரைப் பிடிப்பது பெரும் பாடு. தனியாக அதை எடுக்காதீர்கள், ஜி.பி.எஸ்ஸுக்குத் துணையாக எடுங்கள்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கும். 2004ல் பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தின் முதல் அறிவிப்பில் அளவு 8.0 என்றுதான் வந்தது, பிறகு 8.5, உண்மையோ 9.1. குறுகிய அலைகளை வைத்து அளக்கும் முறை அவ்வளவு பெரிய அறுப்புக்கு எட்டாமல் நின்றுவிட்டது. அப்போதே இயங்கிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ் நிலையங்களின் தரவை வைத்து 15 நிமிடத்தில் உண்மையான அளவைச் சொல்லியிருக்கலாம் என்று பின்னர் கணக்கிட்டுக் காட்டினார்கள். அலை எங்கள் கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. 15 நிமிடம் எங்கே, இரண்டு மணித்தியாலம் எங்கே. மெதுநழுவலுக்காகக் கற்கும் அதே திறமைதான் அந்த 15 நிமிடத்துக்கும் தேவைப்படுகிறது. போதாததற்கு நில அளவைக்கும் அதுவே வேண்டும் என்பதால், ஊருக்குத் திரும்பி வந்தால் வேலைக்கு வாய்ப்பு ஐந்து வழிகளிலும் இதற்குத்தான் கூட.

## கடலடிக் கருவி

கனவு வழி இது. பூட்டிய பகுதி கடலுக்குள் என்றால் அளவையும் கடலுக்குள் வைக்க வேண்டும், அவ்வளவுதான் தர்க்கம். 2011ல் யப்பானின் கடலோரக் காவற்படை மியாகிக்கு அப்பால் கடலடியில் வைத்திருந்த அடையாளக் கருவி 24 மீற்றர் நகர்ந்திருந்ததைக் கண்டபோதுதான் அகழிக்குக் கிட்ட என்ன நடக்கிறது என்பது உலகுக்கு விளங்கியது, கரையில் இருந்த எந்த நிலையமும் அதைச் சொல்லியிருக்காது.

மெதுநழுவலுக்கு எடுத்துக்காட்டு 2014ல் நியூசிலாந்தின் ஹிகுராங்கி அமிழ்வு வலயத்தில், கிஸ்போர்ன் கரைக்கு அப்பால் நடந்த ஹோபிற்ஸ் பரிசோதனை. 24 அமுக்கமானிகளைக் கடலடியில் ஒரு வருடம் வைத்தார்கள். நிலம் 1 செ.மீ. எழும்பினால் மேலுள்ள நீர் 1 செ.மீ. குறையும், அமுக்கம் ஒரு மில்லிபார் அளவு குறையும், அதைப் பிடிப்பதுதான் வேலை. அந்த வருடமே ஒரு மெதுநழுவல் வந்தது. 1.5 முதல் 5.4 செ.மீ. வரை கடலடி எழும்பியது பதிவாகி, நழுவல் அகழிக்கு மிகக் கிட்டவரை போகிறது என்று தெரியவந்தது. யப்பானின் நங்காய் அகழியிலோ ஆழ்துளைக்குள் ஊறும் நீரின் அமுக்கத்தை வைத்து, 8 முதல் 15 மாதத்துக்கு ஒருமுறை அகழியோரம் சில செ.மீ. நழுவுவதை 2017ல் காட்டினார்கள்.

எங்கள் கடற்றொழிலாளருக்கு இதன் கஷ்டத்தை விளக்கத் தேவையில்லை. வற்றுப்பெருக்கு, நீரோட்டம், காற்று என்று கடல் ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை, அதற்குள் ஒரு செ.மீ.யைத் தேட வேண்டும். கருவி தானாகவே வருடத்துக்குச் சில செ.மீ. அளவு பிசகும். கப்பலுக்கு ஒரு நாளைக்கே பல பத்தாயிரம் டொலர் போகும், வைத்த கருவி எல்லாம் மேலே திரும்பி வரும் என்று சொல்லவும் முடியாது. முனைவர் பட்டத்துக்கு உள்ள நான்கு வருடத்தில் ஒரு வருடம் கருவி கடலுக்கு அடியில் கிடக்கும், அந்த வருடம் நழுவல் வராவிட்டால் உங்களிடம் இருப்பது இரைச்சல் மட்டும். யாழ்ப்பாணத்தில் இருந்து தொடங்க முடியாத ஒரே வழி இதுதான். யப்பானுக்கோ நியூசிலாந்துக்கோ அமெரிக்காவுக்கோ இடம் கிடைத்து, குழுவில் ஏற்கெனவே தரவு கையில் இருக்கிறது என்று மேற்பார்வையாளர் எழுத்தில் உறுதி தந்தால் தயங்காமல் போங்கள். இல்லாவிட்டால் முதலில் ஜி.பி.எஸ் படித்துவிட்டு இங்கே வரலாம், கணிதம் பெரும்பாலும் ஒன்றுதான்.

## முருகைக்கல்லும் களப்பு மண்ணும்

புவியியல் படித்தவர்கள் "எங்களுக்குக் கணிதம் வராது, இது எங்களுக்கு இல்லை" என்று ஒதுங்கிப் போவதைப் பார்க்கும்போது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். மெதுநழுவலை நேராகப் பார்க்கும் ஜி.பி.எஸ், கடலடிப் பதிவுகளுக்கு எல்லாம் வயது முப்பது வருடம் அளவில்தான். பெரிய அதிர்ச்சியின் சுற்று நூற்றுக்கணக்கான வருடம். முப்பது வருடப் பதிவை வைத்துக்கொண்டு ஐந்நூறு வருடக் கதையைச் சொல்ல வேண்டுமானால் யாராவது மண்ணையும் கல்லையும் வாசிக்கத்தான் வேண்டும்.

முருகைக்கல் கடல் வற்றும் மட்டத்துக்கு மேலே உயிரோடு வளராது. ஆகவே நிலம் எழும்பினால் தலை செத்துத் தட்டையாகும், நிலம் தாழ்ந்தால் மறுபடி மேல்நோக்கி வளரும், வருடாந்த வளையங்கள் மரத்தில் போல உள்ளே இருக்கும். சுமாத்திராத் தீவுகளில் இப்படித் தட்டைத்தலையாக வளர்ந்த கற்களை வெட்டிப் படித்தபோது கிடைத்தவை எந்தக் கருவியும் தர முடியாதவை. சிமலு தீவில் 1829 முதல் 1861 வரை, 32 வருடம் நீடித்த ஒரு மெதுநழுவல், அது முடிந்தது 1861ன் பெரிய அதிர்ச்சியில். 2021ல் வெளியான ஆய்வு இது. பக்கத்தில் பன்யாக் தீவுகளில் 1966 முதல் 1981 வரை 15 வருடம் நீடித்த இன்னொன்று. 32 வருட நழுவல் என்றால் யோசித்துப் பாருங்கள்: அந்தக் காலத்தில் ஒருவர் ஜி.பி.எஸ் வைத்திருந்தால்கூட "இந்த இடத்தின் வழக்கமான வேகமே இதுதான்" என்று எழுதிவிட்டு ஓய்வூதியம் எடுத்துக்கொண்டு போயிருப்பார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பயம் தந்த ஆய்வு இதுதான், நான் தினமும் பார்க்கும் "வழக்கமான" கோடுகளில் எது உண்மையில் வழக்கம் என்று அதற்குப் பிறகு நிச்சயமாகச் சொல்ல முடிவதில்லை.

களப்பு மண் மெதுநழுவலைக் காட்டாது, அதன் மறுமுனையைக் காட்டும்: அறுந்த நாட்களை. சுமாத்திராவின் வடமுனையான அச்சேயில் ஒரு கடலோரக் குகைக்குள், வௌவால் எச்சப் படைகளுக்கு நடுவே, 7,400 வருடத்துக்கும் 2,900 வருடத்துக்கும் முன்பான காலத்தில் வந்த 11 சுனாமிகளின் மணற்படைகள் கிடைத்தன. சிலவற்றுக்கு இடையே வெகுகாலம், சிலவற்றுக்கு இடையே மிகக் குறைந்த காலம், ஒழுங்கான சுற்று என்று ஒன்று இல்லை. இலங்கையிலும் அம்பாந்தோட்டைக் கரகன் களப்பில் பல ஆயிரம் வருடப் பழைய சுனாமி மணல் கிடைத்திருக்கிறது. எங்கள் வடகிழக்குக் கரையிலோ களப்பும் கடனீரேரியும் நிறையவே இருக்கின்றன.

மறைசெலவுகள் இங்கே வேறு வகை. முதலாவது புயல். 1964 டிசம்பர்ப் புயல், 1978 நவம்பரில் மட்டக்களப்பை அடித்த புயல் போன்றவையும் மணலைக் கொண்டுவந்து களப்பில் போடும், அதையும் சுனாமி மணலையும் பிரித்தறிவதுதான் ஆராய்ச்சியின் பாதி. நல்ல காலம், 2004 மணல் எங்கே எப்படி வந்தது என்று கண்ணால் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்டு அந்தப் படையை முதலில் அடையாளம் கண்டால் கீழுள்ள படைகளுக்கு அதுவே அளவுகோல். இரண்டாவது, வயதுக் கணிப்பை வெளிநாட்டு ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டிவரும், மாதிரி ஒவ்வொன்றுக்கும் காசு, அனுப்புவதற்கும் அனுமதி. மூன்றாவது, தோண்டும் இடத்துக்கு அனுமதி. நான்காவதுதான் அவசரமானது: மணல் அள்ளிய இடத்தில் பதிவு போய்விட்டது, அதைத் திருப்பி எழுத முடியாது.

## உராய்வும் மொடலும்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு செங்கல்லில் இரப்பர் கயிறு கட்டிச் சொரசொரப்பான பலகையில் மெல்ல இழுத்தால் நின்று நின்று பாயும். கயிற்றின் விறைப்பும் பரப்பின் உராய்வும் ஒரு குறிப்பிட்ட விகிதத்தைத் தொடும்போது பாய்ச்சலுக்குப் பதில் மெல்லிய நழுவல் வரும். 1970களின் கடைசியிலும் 80களிலும் டீட்டெரிச்சும் ருய்னாவும் எழுதிய உராய்வுச் சமன்பாடுகள் இதைத்தான் சொல்கின்றன, 2016ல் ஆய்வுகூடத்தில் விறைப்பை மாற்றி மாற்றி வேகமான பாய்ச்சலில் இருந்து மெதுநழுவல்வரை எல்லாவற்றையும் செய்து காட்டினார்கள். ஆய்வுகூடத்துக்குப் பெரிய அழுத்த இயந்திரம் வேண்டும், அது இங்கே சரிவராது. ஆனால் சமன்பாட்டைத் தீர்க்க லப்டொப்பும் தூய கணிதத்தில் பிடிப்பும் போதும்.

இதன் மறைசெலவை மொடல்காரர்கள் தாங்களே ஒப்புக்கொள்வார்கள். மாறிகளைத் திருகினால் ஏறக்குறைய எதையும் பொருத்திவிடலாம். உராய்வைக் குறைக்கும், பாறை இடுக்கில் உள்ள நீரின் அமுக்கம் எவ்வளவு என்று நேரில் அளந்த இடங்கள் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 2012ல் யப்பான் அகழியில் 6,900 மீற்றர் நீருக்குக் கீழே மேலும் 850 மீற்றர் துளைத்து எடுத்த களிமண்தான், அந்தப் பிளவு எவ்வளவு வழுக்கலானது என்று நேரே காட்டியது. ஆகவே தரவோடு தொடர்பு அறுந்த மொடல்காரராக ஆகிவிடாதீர்கள். வேலை என்று பார்த்தால் இந்தக் கணிதம் வேறு துறைக்கும் போகும், பூமியதிர்ச்சிக்கென்று உள்ளூரில் மேசை கிடையாது.

## ஒரே பார்வையில்

| வழி | பார்க்கும் காலம் | பார்க்கும் இடம் | பெரிய மறைசெலவு | இங்கிருந்தே தொடங்கலாமா |
|---|---|---|---|---|
| அதிர்வுப் பதிவு | விநாடி முதல் மணி | தகட்டின் ஆழம்வரை | நழுவலைக் கேட்காது, கூட வரும் சத்தத்தை மட்டும் கேட்கும் | ஆம், இன்றே |
| ஜி.பி.எஸ் | நாள் முதல் 30 வருடம் | தரையும் தீவும் | அன்ரெனா, மழை, கடல் பக்கக் குருடு | ஆம், இன்றே |
| கடலடி | நிமிடம் முதல் சில வருடம் | அகழியோரம் | கப்பல், கருவி இழப்பு, காத்திருப்பு | இல்லை |
| முருகைக்கல், மண் | பத்தாண்டு முதல் ஆயிரம் வருடம் | தீவு, களப்பு | வயதுக் கணிப்பு, புயலோடு குழப்பம், அனுமதி | ஆம், கால்நடையாக |
| மொடல் | விருப்பம்போல் | கணினிக்குள் | எதையும் பொருத்திவிடும் | ஆம், கணிதம் இருந்தால் |

## ஆளுக்கேற்ற தெரிவு

பௌதிகவியல் படிக்கும் மூவரில் இருவருக்கு நான் ஜி.பி.எஸ் என்றுதான் சொன்னேன், அதில் மாற்றம் இல்லை. மெதுநழுவல்தான் மனதில் நிற்கிறது என்றால் அதை நேராகப் பார்க்கும் கருவியில் இருந்து தொடங்குவதே நியாயம், தரவுக்குக் காசில்லை, வேலைக்கும் வழி இருக்கிறது. ஆறு மாதம் கோடுகளோடு பழகிவிட்டு அதே வலயத்தின் ட்ரெமர்ப் பட்டியலையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள், இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்பதே ஒரு நல்ல இறுதியாண்டுத் திட்டம். புலமைப்பரிசில் விண்ணப்பத்தில் "ஆர்வம் உண்டு" என்று எழுதுவதைவிட, நீங்களே வரைந்த அந்த ஒரு படம் அதிகம் பேசும்.

மூன்றாமவர் எச்சரிக்கைப் பணிக்குப் போக வேண்டும் என்கிறவர். அவருக்கு அதிர்வுப் பதிவு. கணிதம்தான் உயிர் என்கிறவர்கள் மொடலுக்குப் போகலாம், ஆனால் முதல் வருடம் ஏதாவது ஒரு தரவைக் கையால் தொட்டுவிட்டுப் போங்கள்.

வடமராட்சி கிழக்கு நண்பருக்குத்தான் நீண்ட பதில் எழுதினேன். அவருக்குப் பைதன் தெரியாது, ஆனால் மணற்காட்டில் இருந்து கட்டைக்காடுவரை எந்தக் களப்பு எந்த மாதம் வற்றும் என்பது தெரியும், அலை எதுவரை ஏறியது என்று சொல்லக்கூடிய பெரியவர்களை உறவுமுறை சொல்லிக் கூப்பிடத் தெரியும். வெளிநாட்டில் இருந்து வரும் எந்தக் குழுவுக்கும் அது கிடைக்காது. அவர் இப்போதே செய்ய வேண்டியது, துளையிடுவதற்கு முன்னமே, ஊர் ஊராகப் போய் 2004ல் நீர் நின்ற எல்லையையும் மணல் படிந்த இடத்தையும் கேட்டு வரைபடத்தில் குறிப்பது. சொல்லக்கூடியவர்களுக்கு வயது ஏறிக்கொண்டு போகிறது. டிசம்பர் 26 உடுத்துறைச் சுனாமி நினைவாலயத்துக்கு நானும் வருவேன், அன்று பின்னேரம் அங்கிருந்தே தொடங்கலாம் என்று அவருக்கு எழுதியிருக்கிறேன், மழை விட்டால் முதற் களப்பையும் அன்றே பார்த்துவிடலாம்.